வெளிமூச்சை நீட்டக் கற்ற மாதங்கள்

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து, நஞ்சுக்கொடி மேலேதான் இருக்கிறது, இரத்த அழுத்தமும் சீராக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகே நான் யோகா வகுப்பில் சேர்ந்தேன். நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பவர்கள், அவ்வாயில் தையல் போடப்பட்டவர்கள், இரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்கள், குறைப்பிரசவ அபாயம் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எந்த ஆசனத்தையும் தொடக் கூடாது என்பதால், இந்த முறையை நான் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

கோத்தகிரியில் வீட்டு வாசலை விட்டு இறங்கினாலே மேடும் சரிவும்தான். வயிறு வளர வளர உடலின் பாரம் முன்பக்கம் வந்துவிடுகிறது; அதை ஈடுகட்டக் கீழ்முதுகு உள்வளைகிறது; தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது அந்த வளைவு இன்னும் கூடி, மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இதற்கு மார்ஜரி ஆசனத்தைப் போல எனக்கு உதவியது வேறில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகைக் கூரையை நோக்கி உயர்த்தி, இழுக்கும்போது மெல்லச் சமநிலைக்குக் கொண்டு வருவதுதான் அது. கர்ப்பத்தில் ரிலாக்சின் என்னும் ஹார்மோன் மூட்டுகளைப் பிணைக்கும் திசுக்களைத் தளர்த்துவதால், முன்பு வளையாத உடலும் வளைவதுபோலத் தோன்றும். எங்கள் ஆசிரியை அதைத்தான் திரும்பத் திரும்ப எச்சரிப்பார். “உடம்பு வளையுதேன்னு வளைக்காதே கண்ணு, முக்கால்வாசி போதும்” என்பார்.

மார்கழிக் குளிரில் தசைகள் இறுகிக் கிடக்கும் என்பதால் கணுக்கால், தோள், மணிக்கட்டு ஆகியவற்றைச் சுழற்றிச் சூடேற்றவே வகுப்பின் முதற்பகுதி போய்விடும். சிமெண்ட் தரையில் மடித்த கம்பளியை விரித்து, வழுக்கும் என்பதால் கம்பளிக் காலுறையைக் கழற்றி வைத்துவிட்டே தொடங்குவோம். உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காரும் பத்தகோணாசனம், சுவரைப் பிடித்தபடி பாதி மாலாசனம் (குந்தி உட்காரும் நிலை), நாற்காலியின் துணையுடன் சில நின்ற நிலைகள், இவ்வளவுதான் ஆசனங்கள். குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்குவது, தலைகீழாக நிற்பது, வேகமாக மூச்சுவிடும் பயிற்சிகளான கபாலபாதி, பஸ்திரிகா ஆகியவை முற்றிலும் விலக்கு. மூச்சை உள்ளே நிறுத்திவைக்கும் கும்பகமும் கூடாது. புரொஜெஸ்டெரோன் என்னும் ஹார்மோனால் கர்ப்பிணியின் மூச்சு ஏற்கெனவே ஆழமாகியிருக்கும். சமவெளியைவிடக் காற்று மெலிந்த இந்த உயரத்தில் மேடேறினால் அது இன்னும் வாங்கும். இறுதியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனமும் மாறியது. வளர்ந்த கர்ப்பப்பை, மல்லாந்து படுக்கையில் உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பும் பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கலாம் என்பதால், முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தோம்.

கையைத் தலைக்கு மேல் தூக்கினால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிவிடும் என்று என் அத்தைக்கு மிகுந்த அச்சம். அவரையும் அழைத்துக்கொண்டுதான் அடுத்த பரிசோதனைக்குப் போனேன். தொப்புள்கொடி சுற்றுவது குழந்தை உள்ளே புரள்வதால் நேர்வது, தாயின் கையசைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பிரசவங்களில் அடிக்கடி காண்பதுதான் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதன்பின் அத்தையே வகுப்பு நேரத்தை நினைவூட்டத் தொடங்கினார்.

எல்லாவற்றிலும் எனக்கு அருமையாகப் பட்டது சுவர்ப் பயிற்சி. முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடித்து, ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பிரசவ வலி உச்சத்தில் இருக்கும்போது ஒவ்வோர் அலையும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிப்பதால் அந்தக் கணக்கு. அரை நிமிடத்திலேயே தொடை எரியத் தொடங்கும். பல்லைக் கடிக்கத் தோன்றும். தோள் காதுவரை ஏறிவிடும். அப்போது தாடையைத் தளர்த்தி, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விட வேண்டும். எரிச்சல் போகாது, அதோடு சண்டை போடுவது மட்டும் நிற்கும். பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு நிமிடம். அந்த ஓய்வு நேரத்தில் அடுத்த சுற்றை நினைத்துப் பதறாமல் உடம்பைத் தொய்யவிடுவதே கடினமான பாடம். அச்சம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின், கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலைக்கு இடையூறாகக் கூடும் என்பதை அறிந்தபின் இந்தப் பயிற்சியின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது.

யோகா செய்தால் சுகப்பிரசவம் உறுதி என்று சொல்பவர்களை நான் வன்மையாக மறுக்கிறேன். குழந்தையின் நிலை, அதன் இதயத்துடிப்பு, கர்ப்பப்பை வாய் திறக்கும் வேகம் எதுவும் நம் பயிற்சிக்குக் கட்டுப்பட்டதல்ல. அந்த வாக்குறுதியை நம்பி வந்த பெண், அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் தன்மீதே பழியைச் சுமத்திக்கொள்வாள். எனக்கு இரவு முழுவதும் வலி இருந்தது. சுவர்ப் பயிற்சியின் மூச்சுடன் அதைத் தாங்கினேன். விடியும் வேளையில் குழந்தையின் துடிப்பு குறைந்ததால் சிசேரியன் செய்ய முடிவெடுத்தார்கள். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடும்போது முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டும். சரியாக அந்த நேரத்தில் ஒரு வலி எழுந்தது. எட்டு எண்ணி மூச்சை விட்டேன், அசையவில்லை. அத்தனை மாதப் பயிற்சியும் அந்த ஒரு நிமிடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது தையல் ஆறும் காலம் என்பதால் கணுக்காலைச் சுழற்றுவதும் நெடுமூச்சும் மட்டுமே செய்கிறேன். ஆறாம் வாரப் பரிசோதனையில் மருத்துவர் அனுமதித்தபின், இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். வயிற்றுத் தசைகளுக்கான ஆசனங்கள் அதற்கும் பிறகுதான்.