மனைக்கு வேலி: எப்போது போடலாம், எப்போது மாற்றலாம்

40-க்கு 60 அடி மனை. சிமென்ட் கால், செயின் லிங்க் வலை, முன்பக்கம் நடுவில் 10 அடி கேட். இந்த வேலையை முடித்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

பத்திரம் கைக்கு வந்ததும் வேலி போடத்தான் எல்லோருக்கும் அவசரம். ஆனால் எல்லையும் மண் மட்டமும் முடிவாகாமல் குழி தோண்டக் கூடாது. புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அரசு வரைபடம்) உள்ள அளவும் பத்திரத்து அளவும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்தோம். பிறகு அத்து (எல்லை) அளக்க விண்ணப்பித்து, சர்வேயர் வந்து கல் காட்டும்போது பக்கத்து மனைக்காரர்களையும் கூட நிற்க வைத்தோம். இதைச் செய்யாமல் போட்ட வேலி அரை அடி தள்ளிப் போனால், பின்னால் மொத்தமாகப் பிடுங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மண் மட்டம். ரோட்டை விட மனை தாழ்வாக இருந்தால் முதலில் மண் அடித்துவிடுங்கள். வேலி போட்ட பிறகு ஒன்றரை அடி நிரப்பினால் வலையின் அடி புதைந்து துருப்பிடிக்கும், உயரமும் போய்விடும். வீடு கட்டும் வேலை சீக்கிரம் தொடங்கும் என்றால் மூன்று பக்கம் மட்டும் போட்டு, ஜல்லி லாரி உள்ளே வர முன்பக்கத்தை விட்டுவிடலாம்.

மாதம் என்றால் தையும் மாசியும்தான் எங்கள் கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சம் இருப்பதால் கடப்பாரை இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் தண்ணீர் ஊறி, கான்கிரீட் இறுகும் முன்பே கால் சாய்ந்துவிடும்.

7 அடி கால், 2 அடி மண்ணுக்குள். கரிசலாக இருந்தால் 8 அடி கால் வாங்கி 3 அடி இறக்குங்கள். அந்த மண் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதால், ஆழம் போதாத கால் ஆடிவிடும். பின்பக்கத்து 40 அடிக்கு 8 அடி இடைவெளி, 60 அடிப் பக்கத்துக்கும் கேட்டின் இருபுறமும் ஏழரை அடி இடைவெளி. கேட்டை ஒட்டியவற்றையும் சேர்த்து 26 கால் வந்தது. நான்கு மூலைக்கும் இரண்டிரண்டு முட்டுக்கால் (சாய்த்து முட்டுக் கொடுக்கும் கால்), கேட் ஓரம் ஒவ்வொன்று, ஆக இன்னும் 10. வலையின் இழுவை முழுவதும் மூலைக்காலில்தான் விழுகிறது. முட்டில் மிச்சம் பிடித்தால் முதல் வருடத்திலேயே மூலை உள்பக்கம் சாயும்.

ஓரடிச் சதுரக் குழி, சிமென்ட், மணல், ஜல்லி 1:3:6 கலவை. 36 குழிக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட். ஒரு வாரம் தண்ணீர் விட்ட பிறகே வலையை இழுத்தோம். ஆட்கள் மறுநாளே இழுத்துக் கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சாய்ந்து நிற்கும் வேலிகளில் பலவும் இப்படிக் கெட்டவைதான்.

வலை 4 அடி உயரம், 10 கேஜ். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 12 கேஜைக் காட்டி 10 என்று விற்பதும் நடக்கிறது, கடையிலேயே அளந்து வாங்குங்கள். 190 அடிக்கு 50 அடிச் சுருள் நான்கு. மேல், நடு, அடி என மூன்று வரிசைக் கம்பியை முறுக்கி இழுத்து, அதில் வலையைக் கட்ட வேண்டும். தரையிலிருந்து 2 அங்குலம் தூக்கி, மேலே இரண்டு வரிசை முள்கம்பி.

பழைய வேலியை மாற்றுவதா என்ற கேள்விக்கு, வலையைப் பார்க்கும் முன் காலைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கால்கள் அசையாமல் இருந்தால் வலையை மட்டும் மாற்றினால் போதும். கட்டுக்கம்பி மட்டும் இற்றிருந்தால் அதை மாற்றிக் கட்டுங்கள், வலைக்குச் செலவே வேண்டாம். வலையில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது துத்தநாகப் பூச்சு கரைவது; இன்னும் சில காலம் தாங்கும். செந்துரு பிடித்துப் பின்னல் முடிச்சுகள் மெலிந்திருந்தால் அடுத்த மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். சிமென்ட் காலில் நெட்டுக்கு விரிசல் ஓடி, துருக்கறை வழிந்தால் உள்ளே இருக்கும் கம்பி உப்பிவிட்டது. மேலே பூசி மறைத்தாலும் அது நிற்காது, அந்தக் காலைக் கழற்றியே ஆக வேண்டும்.