மோரல் பருவம்: வட மிச்சிகன் காட்டுக் குறிப்புகள்

ஏப்ரல் 22
மண் இன்னும் சூடேறவில்லை, 7 டிகிரி செல்சியஸ்தான். மோரல் என்னும் உண்ணத்தக்க காட்டுக்காளான் முளைக்க 10ஐ ஒட்டி வரவேண்டும். ஆனால் ஆஸ்பென் மரங்களடியில் மோரலைப்போலவே தோன்றும் வெர்பா காளான் முளைத்துவிட்டது. மோரலை முந்திக்கொண்டு வருவதால், ஆசையோடு காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனிடம்தான். தொப்பி விளிம்பை விரலால் தூக்குங்கள்: பாவாடைபோல் முழுக்க விலகும், காம்பின் உச்சியில் மட்டும் ஒட்டு. காம்பைக் கீறினால் உள்ளே பஞ்சு போன்ற நார். அதிகம் தின்றவர்களுக்கு வயிற்றுக்கோளாறும் நடைத் தள்ளாட்டமும் வந்திருக்கின்றன.

மே 3
ஆஷ் மரங்களடியில் கருப்பு மோரல். தொப்பியெங்கும் குழிகள், அவற்றைச் சுற்றி வரம்புகள். தொப்பியின் அடிவிளிம்பு காம்போடு ஒட்டியிருக்கும். நுனியிலிருந்து அடிவரை நீளவாக்கில் அறுத்தால் ஒரே வெற்றுக்கூடு. கூடையில் உள்ள ஒவ்வொன்றையும் அறுத்தே பார்க்கவேண்டும். பத்தில் ஒன்றை அறுத்துவிட்டு மற்றதை நம்பக்கூடாது. பாதித் தொப்பி மட்டும் தொங்கும் மோரல் வகையும் உண்டு. அதுவும் உண்ணத்தக்கதே, ஆனால் வெர்பாவோடு குழம்பும். புதியவர்கள் விட்டுவிடுவது நல்லது.

மே 7
பைன் மரங்களடி, மணல் நிலம்: மோரலென்று ஏமாற்றும் நச்சுக்காளான் ஜைரோமிட்ரா. செம்பழுப்பு, மூளை மடிப்பு, குழி கிடையாது. அறுத்தால் உள்ளே கோணல்மாணலான அறைகள். இதிலுள்ள ஜைரோமிட்ரின் உடலில் மோனோமெத்தில் ஹைட்ரசீனாக மாறுகிறது. ராக்கெட் எரிபொருளாகும் அதே பொருள். கல்லீரலைத் தாக்கும். வாந்தி பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்குவதால், அதற்குள் நஞ்சு உடலில் ஏறிவிடும். பின்லாந்தில் நீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்து உண்கிறார்கள். அந்த ஆவியே நஞ்சு. காளானுக்குக் காளான் நஞ்சின் அளவும் மாறும். எங்கள் முடிவு: தொடவேண்டாம்.

மே 15
பட்டை உரியும் செத்த எல்ம் மரத்தடியில் மஞ்சள் மோரல். பழைய ஆப்பிள் தோட்டங்களிலும் கொழித்து வரும். அங்கே ஒருகாலத்தில் ஈய ஆர்சனேட் என்ற நச்சுப் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள், அது மண்ணிலேயே தங்கும். அதனால் அங்கே பறிப்பதில்லை.

மே 16
சரியான மோரலும் பச்சையாக நஞ்சுதான். 2023இல் மொன்டானாவில் ஓர் உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய மோரலால் 51 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். இரண்டாகப் பிளந்து, பூச்சி போக அலசி, முழுக்க வேகும்வரை வதக்குங்கள். சமைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். முதல்முறை உண்பவர் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்தவேண்டும், அன்று மது கூடாது. சமைக்காத ஒன்றைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஏதாவது ஆனால் மருத்துவரிடம் காட்ட அது வேண்டும்.