பிரித்துத் தைக்கும் டி-சர்ட்: கழுத்து முடிந்தது, கை பாக்கி

டி-சர்ட்டின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1951-இல் மார்லன் பிராண்டோ அதை அணிந்து திரையில் வந்த இடத்தில் ஆரம்பித்து, 1955-இல் ஜேம்ஸ் டீனிடம் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. உள்ளே போட்டதை வெளியே போட வைத்ததில் நடிகர்களுக்குப் பங்கு உண்டு, சரி. பட்டனே இல்லாத ஒன்றைத் தலைவழியாக மாட்டலாம் என்று ஆக்கியது எது? அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் நைந்துபோன டி-சர்ட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, அதே அளவில் புதிதாக ஒன்று தைக்கத் தொடங்கினேன். கையில் இருப்பது ஜிக்ஜாக் போடக்கூடிய சாதாரண வீட்டுத் தையல் மெஷின். பின்னல் துணிக்கென்றே இருக்கும் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் எல்லாம் பனியன் கம்பெனிக்காரர்களின் சொத்து.

பிரிக்க உட்கார்ந்தால், விலாப் பக்கத்தில் பிரிப்பதற்குத் தையலே இல்லை. உடம்புப் பகுதி முழுவதும் ஒரே குழாய். வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து துணி அப்படித்தான் இறங்குகிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்ன உருவாக்கிய சட்டகம் தட்டையான துணியைத்தான் தந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வட்ட இயந்திரங்கள் பெருகின. அதன் நடுப்பகுதியில் லெஸ்டரைச் சேர்ந்த மாத்யூ டவுன்செண்ட் தாழ்ப்பாள் போலத் திறந்து மூடும் நாக்கு வைத்த ஊசியைக் கொண்டுவந்தார். பிராண்டோவுக்குக் கொடுக்கும் புகழில் கொஞ்சத்தையாவது அந்த ஊசிக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

துணி வாங்கியது திருப்பூர் காதர்பேட்டையில். அங்கே பின்னல் துணிக்கு மீட்டர் கணக்கு இல்லை, கிலோ கணக்குத்தான். சிங்கிள் ஜெர்சி எனும் ஒற்றைப் பின்னல் துணி, 160 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். தட்டையாக விரித்தால் 20 அங்குல அகலம் வரும் குழாய். மார்புச் சுற்று 40 அங்குலம் தானாக அமைந்துவிடுகிறது. கழுத்துக்கு ரிப் துணி, அதாவது வரிவரியாக நன்றாக இழுபடும் பின்னல், தனியாக. கடைக்காரர், "இழுத்துப் பாருங்கள் தம்பி, விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அது கழுத்துக்கு ஆகாது" என்றார்.

அந்தக் கழுத்தில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. 1904 வாக்கில் அமெரிக்காவின் கூப்பர் உள்ளாடை நிறுவனம் கல்யாணமாகாத ஆண்களைக் குறிவைத்து ஒரு விளம்பரம் போட்டது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றில், பட்டன் உதிர்ந்த உள்சட்டையை ஊக்கு குத்திச் சமாளிக்கும் ஆள். மற்றதில், தலைவழி மாட்டும் பனியனில் சுருட்டுப் பிடிக்கும் ஆள். பட்டன் தைக்கத் தெரியாதவனுக்குப் பட்டனே இல்லாத சட்டை! முதலாம் உலகப் போருக்கு முன்பே அமெரிக்கக் கடற்படை அரைக்கை வெள்ளைப் பருத்திப் பனியனைச் சீருடைக்கு உள்ளே அணியக் கொடுத்தது. வெக்கையான இடங்களில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மாலுமிகள் அதோடு வேலை பார்த்தார்கள். 1942 ஜூலையில் 'லைஃப்' இதழின் அட்டையிலேயே விமானப் படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட டி-சர்ட்டோடு ஒரு வீரர் வந்துவிட்டார். அப்போது பிராண்டோவின் அந்தப் படத்துக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

இனி என் மேசை. துணியை முதலில் நனைத்துக் காயவைத்தேன். பருத்திப் பின்னல் நீளவாக்கில் நன்றாகவே சுருங்கும். வெட்டிய உடனே ஓரங்கள் சுருள ஆரம்பித்தன. கழுத்து வளைவின் அடிப்பகுதி நல்ல பக்கம் நோக்கிச் சுருள்கிறது, கைக்குழியின் ஓரம் உள்பக்கம் நோக்கிச் சுருள்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு கண்ணிகளாக இருக்கும் ஒற்றைப் பின்னலின் இயல்பு அது. கஞ்சி ஸ்பிரே அடித்து அயர்ன் போட்ட பிறகுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. ஊசியும் முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசியாக இருக்க வேண்டும். அது நூலைக் குத்திக் கிழிக்காமல் கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர் ஊசி நூலை அறுத்தால் அங்கிருந்து ஓட்டை ஓடத் தொடங்கிவிடும்.

தோளில் மெல்லிய நாடா வைத்து ஓட்டினேன். துணியின் கனம் முழுவதும் தொங்குவது அங்கேதான். நாடா இல்லாவிட்டால் தோள் நீண்டு கை இறங்கிவிடும். கழுத்து வளைவு 52 செ.மீ., ரிப் 44 செ.மீ. இரண்டையும் நான்காகப் பிரித்துக் குண்டூசி குத்தி, ரிப்பை மட்டும் இழுத்து, உடல் துணியை இழுக்காமல் தைக்க வேண்டும். உடல் துணியும் சேர்ந்து இழுபட்டால் கழுத்தைச் சுற்றி அலை விழும். இழுபட்ட ரிப் திரும்பச் சுருங்கும்போது கழுத்து உடம்போடு படிகிறது. என் தலை தாராளமாகப் போகிறது, வெளியே வந்ததும் கழுத்து பழையபடி நிற்கிறது.

ஒருமுறை துவைத்த பிறகு துணி லேசாக முறுக்கிக்கொண்டது. நூலில் மிச்சமிருக்கும் முறுக்கு செய்யும் வேலை அது. விலாவில் தையல் இருந்திருந்தால் அது முன்பக்கம் நகர்ந்து காட்டிக்கொடுத்திருக்கும். குழாய் என்பதால் யாருக்கும் தெரியாது.

அடுத்தது கை. உடல் குழாயாக இருப்பதால் கையைத் தட்டையாக வைத்து ஓட்ட வழியில்லை. கையை முதலில் மூடித் தைத்துக்கொண்டு, பிறகு குழியில் வட்டமாகச் சுற்றிப் பொருத்த வேண்டும். அடிமடிப்புக்கு இரட்டை ஊசி வாங்கியாக வேண்டும்.