இஸ்திகாரா தொழுதாச்சு, கனவு வரலையே?

கேரள எல்லையில் பாலக்காட்டுப் புதுநகரம், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ராவுத்தர் (தமிழ் பேசும் முஸ்லிம்) வீடுகளுக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தால், "இஸ்திகாரா தொழுதுட்டுச் சொல்றோம்" என்று சொல்லி அனுப்புவதுண்டு. சில நேரம் அது "வேண்டாம்" என்பதற்கு மரியாதையான பேர். அதை விட்டுவிடுவோம். இஸ்திகாரா என்பது, ஒரு காரியத்தில் எது நல்லதோ அதைத் தரும்படி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகையும் துஆவும் (பிரார்த்தனையும்). உண்மையாகவே தொழுகிறவர்கள் பலர் ஏழு ராத்திரி கனவுக்குக் காத்திருந்து, பச்சை தெரிந்ததா சிவப்பு தெரிந்ததா என்று காலையில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இஸ்திகாரா பற்றிய ஹதீஸில் (நபிமொழியில்) கனவு என்ற சொல்லே கிடையாது. ஏழு முறை என்று வரும் அறிவிப்பு பலவீனமானது.

நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவித்து, புகாரி என்ற ஹதீஸ் நூலில் வரும் ஹதீஸ்தான் இதற்கு அடிப்படை. குர்ஆனின் ஒரு சூராவைக் கற்றுத் தருவதுபோல நபி (ஸல்) அவர்கள் எல்லாக் காரியங்களுக்கும் இதைக் கற்றுத் தந்தார்கள் என்கிறார். ஒருவர் ஒரு காரியத்தை நாடினால் பர்ளு (கட்டாயக் கடமை) அல்லாத இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுது, பிறகு இஸ்திகாராவுக்கான துஆவை ஓத வேண்டும். அவ்வளவுதான் முறை.

"நாடினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அச்சாரம் கொடுத்து, பந்தல்காரனுக்கும் சொல்லிவிட்டுத் தொழுவது வெறும் முத்திரை குத்துகிற வேலை. மனது ஒரு பக்கம் இறுகிப் போவதற்கு முன்னால் தொழ வேண்டும். அதற்காக ஒன்றுமே விசாரிக்காமல் தொழவும் கூடாது. எல்லையில் நிலம் வாங்குகிறவர் தமிழ்நாட்டுப் பக்கமென்றால் வில்லங்கச் சான்று, கேரளப் பக்கமென்றால் அதே மாதிரியான குடிக்கடச் சான்றும் முன் ஆதாரமும் (முந்தைய பத்திரமும்) பார்த்தாக வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றி அவர் ஊர் ஜமாஅத்தில் நாலு பேரிடம் கேட்க வேண்டும். இஸ்திகாரா இதற்கெல்லாம் பதிலாக வருவதல்ல.

எதற்குத் தொழலாம் என்பதிலும் குழப்பம் உண்டு. பர்ளான காரியத்துக்கு இஸ்திகாரா இல்லை, ஹராமானதற்கும் (தடுக்கப்பட்டதற்கும்) இல்லை. வட்டிக் கடன் வாங்கலாமா என்று இரண்டு ரக்அத் தொழுதால் அந்தக் கேள்வியே தப்பு. ஹஜ்ஜுக்குப் போவதா வேண்டாமா என்று கேட்பதற்கில்லை. இந்த வருஷமா அடுத்த வருஷமா, எந்தக் குழுவோடு என்று கேட்கலாம். கடை போடுவது, தோப்பைக் குத்தகைக்கு எடுப்பது, பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேர்ப்பதா மலையாள மீடியத்திலா, வளைகுடா விசா, எல்லாம் இதற்குரியவை. "எல்லாக் காரியங்களுக்கும்" என்பதால் சின்ன விஷயத்துக்கும் கூச்சப்பட வேண்டாம்.

நேரத்தில்தான் நம் வட்டாரத்தில் சிக்கல். ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி), மலையாள முஸ்லிம்களான மாப்பிளாக்கள் ஷாஃபி. ஷாஃபி மத்ஹபில் காரணம் முந்தி வந்த தொழுகையை, உதாரணமாகப் பள்ளியில் நுழைந்ததும் தொழும் தஹிய்யத்தை, தடுக்கப்பட்ட நேரத்திலும் தொழலாம். இதைப் பார்த்து இஸ்திகாராவையும் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பின் தொழுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல, இஸ்திகாராவின் காரணமான அந்தக் கேட்பு தொழுகைக்குப் பின்னால் வருவது. ஆக இரண்டு மத்ஹபிலும் சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுததிலிருந்து சூரியன் உதித்து நன்கு மேலே வரும் வரை, உச்சியில் நிற்கும்போது, அஸர் தொழுததிலிருந்து மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை தொழக்கூடாது. ஹனஃபிகள் சுபுஹு நேரம் நுழைந்ததுமே அதன் இரண்டு ரக்அத் சுன்னத்தைத் தவிர வேறு நஃபில் (உபரித் தொழுகை) தொழ மாட்டார்கள். இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு தொழுவது வசதி. ஆனால் ராத்திரிதான் தொழ வேண்டும் என்றோ, தொழுதால் பேசாமல் படுத்துவிட வேண்டும் என்றோ அந்த ஹதீஸில் இல்லை.

முதல் ரக்அத்தில் காஃபிரூன் சூரா, இரண்டாவதில் இக்லாஸ் சூரா ஓதுவது நல்லது என்று ஷாஃபி அறிஞர் இமாம் நவவி சொல்கிறார். ஹதீஸ் எந்த சூராவையும் குறிப்பிடவில்லை. தெரிந்ததை ஓதினால் போதும். ஸலாம் கொடுத்த பிறகு அல்லாஹ்வின் புகழும் நபி மீது ஸலவாத்தும் (வாழ்த்தும்) சொல்லி துஆவைத் தொடங்குவது பெரும்பாலோர் வழக்கம்.

துஆவில்தான் பிழைகள் அதிகம். "ஹாதல் அம்ர" என்றால் "இந்தக் காரியம்". அந்த இடத்தில் உங்கள் காரியத்தைச் சொல்ல வேண்டும், அல்லது மனதிலாவது நிறுத்த வேண்டும். பலர் அதை அப்படியே ஓதிப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, "வ ஆகிபத்தி அம்ரீ" என்பதற்குப் பிறகு "அவ் கால" என்று சிறு தாள்களில் அச்சாகியிருக்கும். அதற்கு "அல்லது இப்படிச் சொன்னார்கள்" என்று பொருள். அறிவிப்பாளரின் சந்தேகம் அது, துஆ அல்ல. அதையும் சேர்த்து ஓதுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு, இரண்டு வாசகங்களில் ஒன்றை ஓத வேண்டும்.

அந்த இரண்டாவது வாசகம் "ஆஜிலி அம்ரீ வ ஆஜிலிஹி". தமிழில் எழுதினால் இரண்டு ஆஜிலும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது ஐன் எழுத்தில் தொடங்குகிறது, பொருள் உடனடியானது. அடுத்தது அலிஃபில், பொருள் தாமதமாக வருவது. துஆவில் வரும் "தக்திரு"வும் அப்படித்தான். காஃப் என்ற எழுத்து அரபியில் இரண்டு உண்டு. தொண்டையடியில் பிறக்கும் காஃபில் ஓதினால் ஆற்றல், மற்றதில் ஓதினால் அந்த வேருக்குக் கலங்கல் என்று பொருள் வந்துவிடும். அரபி எழுத்தில் தமிழை எழுதிய பழைய அரபுத்தமிழில் இதற்கெல்லாம் தனி எழுத்து இருந்தது, இப்போது தமிழ் எழுத்தை மட்டும் நம்பினால் இந்தக் கதிதான். அரபி பார்த்து ஒருமுறை மார்க்க ஆசிரியரான ஹஜ்ரத்திடமோ உஸ்தாதிடமோ ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மனப்பாடம் இல்லையென்றால் பார்த்தே ஓதலாம்.

இனிப் பதில் எப்படி வரும் என்ற கேள்வி. துஆ என்ன கேட்கிறது என்று பார்த்தால் விளங்கும். இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லதென்று நீ அறிந்தால் எனக்கு ஆக்கு, இலேசாக்கு, பரக்கத் செய். கெட்டதென்று அறிந்தால் அதை என்னைவிட்டுத் திருப்பு, என்னையும் அதைவிட்டுத் திருப்பு. எங்கே நன்மை இருக்கிறதோ அதை ஆக்கு, அதில் என்னைத் திருப்திப்படுத்து. இதில் "எனக்கு ஓர் அடையாளம் காட்டு" என்று எங்கே இருக்கிறது? கேட்டது விளைவை. அதனால் தொழுதவர் உட்கார்ந்து காத்திருக்காமல் அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும். மனது விரிவடையும் பக்கம் போகச் சொல்கிறார் நவவி. மனது எந்தப் பக்கமும் சாயாவிட்டாலும் காரியத்தில் இறங்கலாம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. கதவு அடைபட்டால் அதுவும் பதில்தான்.

ஹிஜ்ரி 64இல் முற்றுகையின்போது கஅபா தீப்பற்றிச் சேதமானது. இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று அப்போது மக்காவை ஆண்ட அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) முதலில் மக்களிடம் யோசனை கேட்டார். இப்னு அப்பாஸ் (ரலி) பழுது பார்த்தால் போதும் என்றார். "மூன்று முறை என் இறைவனிடம் இஸ்திகாரா செய்து, பிறகு முடிவெடுப்பேன்" என்றார் இப்னு ஸுபைர். மூன்று முடிந்ததும் இடித்துக் கட்ட முடிவெடுத்தார். முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் வரும் இந்தச் செய்தியில் கனவும் இல்லை, நிறமும் இல்லை.

பால்கிதாபு (குறி பார்க்கும் புத்தகம்) திறந்து பார்ப்பதையும் சீட்டு எடுப்பதையும் இஸ்திகாரா என்று சொல்லி ரூபாய் வாங்குகிறவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அம்பெறிந்து குறி பார்ப்பதை குர்ஆனின் மாயிதா சூரா 3ஆம் வசனம் தடுத்திருக்கும்போது, அம்புக்குப் பதில் காகிதம் வைத்தால் மட்டும் கூடிவிடுமா? ஹஜ்ரத்திடம் யோசனை கேளுங்கள், துஆவும் செய்யச் சொல்லுங்கள். தொழுகையை, காரியம் யாருடையதோ அவரே தொழட்டும். ஹதீஸ் பேசுவது அவரிடம்தான். கல்யாணம் பேசும்போது அத்தாவும் அம்மாவும் மட்டும் தொழுதுவிட்டுப் பெண்ணை விட்டுவிடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பெண் கேட்டு அனுப்பியபோதே, என் இறைவனிடம் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று எழுந்து தொழுமிடத்துக்குப் போனவர் ஸைனப் (ரலி).

பெண்ணுக்குத் தொழக்கூடாத நாட்களாக இருந்து, பதில் சொல்ல அவகாசமும் இல்லையென்றால், தொழாமல் துஆவை மட்டும் ஓதலாம்.