டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4: எந்தப் பதவிக்குத் தகுதி, எதற்கு இல்லை (மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு)

ரிசல்ட் வந்ததிலிருந்து குன்னூர் முதல் பந்தலூர் வரை கட்-ஆஃப் பேச்சுதான். கட்-ஆஃப் தாண்டியும் சான்றிதழ் பதிவேற்றத்தில் அடிபடுகிறவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர்களில் பலருக்கு விண்ணப்பம் போட்ட அன்றே கதை முடிந்திருக்கிறது.

அறிவிக்கை கைக்கு வந்ததும் காலியிடத்தை எண்ணாதீர்கள். முதல் பக்கத்தில் இருக்கும் அறிவிக்கை நாளை வட்டமிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். கல்வித் தகுதி அந்த நாளில் கையில் இருந்தாக வேண்டும். "கடைசித் தேதிக்குள் மார்க் ஷீட் வந்தால் போதும்" என்று கோச்சிங் சென்டர் வாசலில் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 குரூப் 4 அறிவிக்கை ஏப்ரல் 25, விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24, பிளஸ் டூ ரிசல்ட் மே 8. விட்ட பாடத்தை அந்த மார்ச்சில் தனித்தேர்வராக எழுதி பாஸ் செய்தவருக்கு, கெடு முடியப் பதினாறு நாள் இருந்தும் வனக்காப்பாளர் பதவி கிடையாது. பத்தாம் வகுப்பு போதும் என்கிற இளநிலை உதவியாளருக்கு அவர் தாராளமாகப் போடலாம். தேர்வு எழுதிய நாள் கணக்கில் வராது; ரிசல்ட் வந்த நாள்தான். டைப்ரைட்டிங்குக்கும் இதே சட்டம்.

வயதுக்கு வேறு தேதி: அந்த ஆண்டு ஜூலை 1. உச்ச வயது 32 என்றால் அன்று 32 நிறைவடைந்திருக்கக் கூடாது. 2025-க்கு, 1993 ஆகஸ்டில் பிறந்தவர் உள்ளே, ஜூனில் பிறந்தவர் வெளியே. இது பொதுப்பிரிவுக்கு. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினர் பிளஸ் டூ முடித்திருந்தால் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்கு இந்த உச்ச வரம்பு தடையில்லை. படுகர் வீட்டுப் பிள்ளைகள் பிசி பட்டியலில் வருவதால் இதைக் கவனிக்க வேண்டும். நாற்பதைத் தொட்டுவிட்டோமே என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் உண்டு. ஆனால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) பதவிக்கு அவர்களுக்கும் 42 வரம்பு நிற்கும், குறைந்தபட்சம் 21 முடிந்திருக்க வேண்டும். வனத்துறைப் பதவிகளுக்கும் தனி வரம்பு.

வனத்துறை என்றால் நம் பக்கம் தனி ஆசை. காடு நமக்குத் தெரியும் என்பது தகுதிப் பத்தியில் வராது. வனக்காப்பாளருக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருக்க வேண்டும். காமர்ஸ் குரூப் எடுத்தவர் எத்தனை மார்க் வாங்கினாலும் பயனில்லை. உயரம் ஆண்களுக்கு 163 செ.மீ., பெண்களுக்கு 150. பழங்குடியினருக்கு முறையே 152, 145. ஆண்களுக்கு நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடை வேறு. விண்ணப்பிக்கும் முன்பே உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு: அதிகம் சறுக்கும் இடம். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். எதுவரை என்பது பதவியைப் பொறுத்தது. பத்தாம் வகுப்புப் பதவிக்கு 1 முதல் 10 வரை. பிளஸ் டூவும் டிகிரியும் இங்கிலீஷ் மீடியமாக இருந்தாலும் பாதகமில்லை. வனக்காப்பாளருக்கு 12 வரை. குரூப் 2-வில் டிகிரி கேட்கும் பதவிக்கு டிகிரி வரை. கூடலூர்ப் பக்கம் முதல் இரண்டு வகுப்பை மலையாள மீடியத்தில் படித்துவிட்டு மாறியவருக்கு இது கிடையாது. தமிழை ஒரு மொழிப்பாடமாகப் படித்ததும் கணக்கில் சேராது.

தமிழ் வழிச் சான்றிதழ் தேர்வாணையம் கொடுத்த படிவத்திலேயே இருக்க வேண்டும். எஸ்டேட் ஸ்கூலில் அஞ்சு வரை, ஊர்ப் பள்ளியில் எட்டு வரை, டவுனில் பத்து வரை என்றால் மூன்று தலைமை ஆசிரியர்களிடம் மூன்று சான்றிதழ். வகுப்பு, ஆண்டு, பயிற்று மொழி எல்லாம் மூன்றையும் அடுக்கி வைத்தால் இடைவெளி விழாமல் ஓட வேண்டும். எஸ்டேட் ஸ்கூல் மூடியிருந்தால் அதன் பதிவேடு எந்தக் கல்வி அலுவலகத்துக்குப் போனது என்று இப்போதே விசாரியுங்கள். ரிசல்ட் வந்தபின், அதுவும் மண்சரிவில் ரோடு அடைபட்ட மழைக்காலத்தில் அலைய முடியாது.

சாதிச் சான்றிதழ்:
- எஸ்டி என்றால் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கொடுத்தது. கள விசாரணை இருப்பதால் நாளாகும்.
- குறும்பர் எஸ்டி பட்டியலில் நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும் என்ற குறிப்போடுதான் இருக்கிறது.
- திருமணமான பெண்களுக்குத் தகப்பனார் பெயரில். கணவர் பெயரில் உள்ளது செல்லாது.
- ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வேறு, தாசில்தார் தரும் விதவைச் சான்றிதழ் வேறு.

தட்டச்சருக்கு முதல் முன்னுரிமை தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் (முதுநிலை). அடுத்து தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் (இளநிலை). அதன் பிறகுதான் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர். ஊட்டி கான்வென்ட் பிள்ளைகள் தமிழ் ஹையரைத் தள்ளிப்போட்டு மூன்றாவது வரிசையில் நிற்பது வீண். கணினி ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். தகுதிகாண் பருவத்துக்குள் முடிக்கலாம்.

ராணுவ முகாம் இருக்கும் வெலிங்டன் சுற்றுவட்டாரத்துக்கு ஒன்று. முன்னாள் படைவீரர் என்ற கட்டத்தில் படையில் இருந்தவர்தான் டிக் செய்யலாம். அப்பா ரெஜிமென்டில் இருந்தார் என்று மகன் டிக் செய்தால் அது தவறான உரிமைகோரல். திருத்தம் செய்யக் கொடுக்கும் சில நாட்களுக்குள் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.