கணுக்காலில் ஒரு முடிச்சு

காலையில் நூலகம் திறக்கும் முன்பே வாசல் தூணில் சாய்ந்து ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பை. மாணவன் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். பையின் வாரைக் கணுக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். யாரும் உருவிக்கொண்டு போய்விடக் கூடாதே.

"ராத்திரி பூரா நடந்துகிட்டே இருப்பேன்க்கா. விடிஞ்சாத்தான் பயமில்லாம தூங்க முடியும்."

வயது 19. காப்பகத்தில் வளர்ந்தவன். பல நாடுகளில் 18 முடிந்ததும் காப்பகத்தின் பொறுப்பும் முடிந்துவிடுகிறது. முகவரி இல்லாமல் அடையாள அட்டை வாங்குவது கஷ்டம். அட்டை இல்லாமல் யார் வேலை கொடுப்பார்கள்? வேலை இல்லாதவனுக்கு யார் அறை கொடுப்பார்கள்?

கல்லூரி ஊரில் பையும் கையுமாகத் திரியும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. அந்தக் கூட்டத்தில் இவனைப் போல வீடில்லாதவர்கள் தெரிவதே இல்லை. நானே எத்தனை பேரைக் கடந்து போயிருப்பேனோ.

கதவு திறந்தது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டு முகம் கழுவ உள்ளே போனான்.