ஐப்பசிக்குள் முடித்துவிடுவோம் என்றார்கள்

செப்டம்பர் 24

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 27

முகப்பிலிருந்து தெருவுக்கு இறங்கப் பலகை போட்டாயிற்று. அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கால் பயிற்சி கொடுக்க வரும் பையன் பலகையின் நடுவில் நின்றுகொண்டு, "ஆச்சி, இது தாங்குமா?" என்று கேட்டான். பர்மாத் தேக்கு, யானையே நடக்கலாம் என்றேன். பலகையின் இரண்டு முனையும் உட்கார்ந்திருக்கும் மண்ணைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

தெருவில் பாதிக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறது. மீதி வெறும் பள்ளம், கம்பிகள் துருவேறி நிற்கின்றன. ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிடுவோம் என்கிறார் ஒப்பந்ததாரரின் மேஸ்திரி. எந்த வருஷத்து ஐப்பசி என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டார்கள்.

செப்டம்பர் 30

பின்கட்டுச் சுவர் விரிசலுக்காகக் கொத்தனாரை வரச்சொல்லியிருந்தேன். அவர் விரிசலைப் பார்ப்பதற்கு முன் வடிகாலைத்தான் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தளத்தை நீளவாக்கில் நோட்டம் விட்டார்.

"ஆச்சி, இதற்கு வாட்டம் எந்தப் பக்கம்?"

ஊர்க்குளமான ஊருணிப் பக்கம்தான் சரிவு, வேறெங்கே என்றேன்.

"ஊருணி அங்கே இருக்கிறது. வாட்டம் இங்கே இருக்கிறதே" என்று எங்கள் வாசலைக் காட்டினார்.

பிறகு பையிலிருந்து டியூப் மட்டத்தை எடுத்தார். கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ஒரு முனையை வாளிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சித் தண்ணீர் நிரப்பினார். நிரம்பியதும் குழாயை விரலால் சுண்டிக்கொண்டே போனார். ஒரு குமிழி உள்ளே தங்கினாலும் மட்டம் பொய் சொல்லும் என்றார். கடைசிக் குமிழி மேலேறி வெடிக்கும் வரை அவர் எங்கும் கோடு போடவில்லை. இந்தத் தெருவில் இவ்வளவு பொறுமையாக யாரும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு முனையை எங்கள் தூணில் நான் பிடித்துக்கொள்ள, அவர் மறுமுனையோடு விளக்குக் கம்பத்துக்கும் அங்கிருந்து கோயில் மூலைக்கும் போனார்.

200 அடிக்கு 1 அடியாவது இறங்க வேண்டுமாம். அதற்குக் குறைந்தால் தண்ணீர் போகும், மண் போகாது. மண் தங்கினால் பிறகு தண்ணீரும் போகாது. எங்கள் வாசலிலிருந்து ஊருணி 400 அடி. ஆக 2 அடி இறங்கியிருக்க வேண்டும். கான்கிரீட் போட்டு முடித்த பகுதி கோயில் மூலையில் 3 அங்குலம் ஏறியிருக்கிறது. எதிர்வாட்டம்.

இன்னொன்று. எங்கள் முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் ஜலதாரை தெருவில் வந்து சேரும் கல்வாய், புதுத் தளத்துக்கு அரையடி கீழே கிடக்கிறது. அதை மேஸ்திரி சிமெண்டு வைத்துப் பூசியே விட்டார். கொத்தனார் உளியால் கொத்தித் திறந்தார். விரிசலை நாளை பார்க்கிறேன் என்று போய்விட்டார்.

அக்டோபர் 3

தம்பி சிங்கப்பூரிலிருந்து பேசினான். காயல்பட்டினம் வீடியோ அனுப்பியிருக்கிறான். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அது. "வீட்டைக் கொடுத்துவிடலாம் ஆச்சி." எங்கள் பக்கம் அக்காவும் ஆச்சிதான். ஆறு புள்ளிக்கு, அதாவது ஆறு குடும்பத்துக்கு, பங்கு உள்ள வீட்டை யாரிடம் கொடுப்பது, யார் கொடுப்பது? அவனுக்கும் தெரியும். மழைக்காலம் வந்தால் சொல்வான்.

அக்டோபர் 6

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். எங்கள் மனை 60 அடி அகலம், 160 அடி நீளம். 9,600 சதுர அடி. ஏறத்தாழ 890 சதுர மீட்டர். 6 செ.மீ. மழைக்கு 53,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நாலரை. வெளிப்பக்கம் சரியும் ஓடுகள் போக, பாதிக்கு மேல், கூரைகள் சேரும் கூடுவாய் வழியாக முற்றத்தில்தான் விழும். விழ வேண்டும் என்றுதான் கட்டினார்கள். கூடுவாய்க்குக் கீழே கிடாரத்தை வைத்துப் பிடித்தது போக மிச்சம் ஜலதாரைக்கு, ஜலதாரையிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. இது ஒரு வீடு. எங்கள் வரிசையில் எல்லா வீடும் இப்படித்தான்.

பூம்புகாரைக் கடல் கொண்டதால்தான் இந்த வறட்டுப் பூமிக்கு வந்தோம், அந்தப் பயத்தில்தான் வீடுகளை இத்தனை உயரத்தில் தூக்கிக் கட்டினார்கள் என்று அப்பத்தா சொல்வார்கள். வீட்டைத் தூக்கினார்கள், சரி. ரோடும் பின்னாலேயே ஏறி வரும் என்று யார் கண்டது? ஏழு படிகளில் இப்போது நான்குதான் வெளியே தெரிகின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதம் அனுப்பினார். அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் பழையதன் மேல்தான் புதியது விழுந்தது.

அக்டோபர் 9

அலுவலகம். பொறியாளர் மரியாதையான பையன், நாற்காலி போட்டார். வரைபடத்தை விரித்துக் காட்டினார். எங்கள் தெரு ஒரு கோடு, கோட்டின் முடிவில் அம்புக்குறி, அம்புக்குறியின் நுனியில் "ஊருணி". அம்புக்குறி போட்டவர் அங்கே போய்ப் பார்த்தாரா என்று கேட்டேன். அவர் வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம்.

திரும்பும்போது ஆட்டோவை ஊருணிக் கரையில் நிறுத்தச் சொன்னேன். வரத்துக்கால் வந்து விழும் வாயில் செம்பூரான்கல் வைத்து மறிப்புச் சுவர் கட்டியிருக்கிறது. நேற்றுக் கட்டியது இல்லை, பாசி ஏறிவிட்டது. ஆக்கிரமிப்பு என்றுதான் நினைத்தேன். யார் இந்த வேலையைச் செய்தது என்று டீக்கடையில் கேட்டதற்கு, பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கள் அப்பச்சியிடம் கேளுங்கள் ஆச்சி."

அக்டோபர் 10

கேட்டேன். "முதல் கையெழுத்து நான்தான்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. கஞ்சியும் பாதிதான் குடித்தார்.

அக்டோபர் 14

இன்று தானாகவே சொன்னார். தெருவில் நவீனக் கழிப்பறைகள் வந்தபோது, கழிவுத் தொட்டியின் மிகுதித் தண்ணீரைச் சில வீடுகள் மழைநீர் வடிகாலில் இறக்கிவிட்டன. இங்கே நாலடிக்குக் கீழே செம்பாறை. உறிஞ்சுகுழி வெட்டக் காசும் பிடிக்கும், ஆளும் பிடிக்கும். குழாயைத் தெருவில் விடுவதற்கு ஒரு பொழுது போதும். ஊருணித் தண்ணீரைத்தான் அப்போது ஊரே குடித்தது. ஒருநாள் படித்துறையில் பெண்கள் குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனார்களாம். கூட்டம் போட்டார்கள். குழாய்களை எடுக்க எந்த வீட்டுக்காரரும் ஒப்பவில்லை. ஊருணி வாயை அடைக்க எல்லோரும் ஒப்பினார்கள்.

"அப்படியானால் மழைத்தண்ணீர்?"

"அப்போது பொட்டல் இருந்தது. அங்கே போனது."

பொட்டலில் இப்போது கல்யாண மண்டபம்.

அக்டோபர் 18

இரவு ஒன்பதரைக்குப் பிடித்தது. முற்றத்துக் கல் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நன்றாகத்தான் உறிஞ்சியது. பிறகு நின்றது. பிறகு சல்லடையின் துளைகளில் குமிழி வந்தது. ஒரு புளியங்கொட்டை மேலே வந்தது, ஷாம்பு உறை ஒன்று வந்தது, அதன் பின்னால் கறுப்புத் தண்ணீர். தெரு எங்கள் வீட்டுக்குள் வருகிறது. வளவுப் பத்தியில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், அப்பச்சியின் கட்டில். முற்றத்திலிருந்து பத்திக்கு இரண்டு படி. முதல் படி மூழ்கியது. இரண்டாவது படியில் ஆத்தங்குடிக் கல்லின் பச்சைக் கரை பாதி மறைந்தபோது மழை விட்டது.

அப்பச்சி விழித்தேதான் இருந்தார். "மணம் வருகிறதா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 19

ஜலதாரை வாயில் மணல் மூட்டை வைத்து அடைத்தோம். இனி வெளித்தண்ணீர் வராது. உள்தண்ணீரும் போகாது. மோட்டார் வாடகைக்கு எடுத்தாயிற்று. மழை நேரத்தில் மின்சாரம் இருக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன்; டீசல் மோட்டாரும் இருக்கிறது, வாடகை இரண்டு மடங்கு என்றார். நல்ல மனிதர், ஒளிக்கவில்லை.

ஒருவழி வால்வு போடலாம் என்று தம்பி அனுப்பியிருக்கிறான். கொத்தனார் சிரித்தார். தெருத் தண்ணீர் இறங்கினால்தான் அந்த வால்வு திறக்கும்; தெருத் தண்ணீர் எங்கே இறங்குகிறது?

அக்டோபர் 23

கொத்தனார் புது வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. பின்வாசல் ஒன்றேகால் அடி பள்ளம். டியூப் வைத்துப் பார்த்துவிட்டார். முற்றத்து ஜலதாரையை அப்படியே திருப்பி அடுப்படி வழியாகப் பின்தெருவில் விட்டால் சொட்டுத் தங்காது. இரண்டே நாள் வேலை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்பச்சிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த பெண் எதுவும் பேசவில்லை. அவள் வீடு பின்தெருவில்தான், எங்கள் பின்வாசலுக்கு நேர் எதிரே. போகும்போது வாளியைக் கழுவி வைத்துவிட்டு, "போன வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்பு நனைந்துவிட்டது ஆச்சி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் வாசலுக்கு ஒரு படிகூடக் கிடையாது.

அக்டோபர் 24

வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். தம்பிக்கு அதைவிடக் கோபம். "ஊருக்காக அப்பச்சியைத் தண்ணீரில் வைப்பாயா?" பதில் சொல்லாமல் போனை வைத்தேன். அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 29

கோயில் மூலையில் அடைப்பு எடுக்க ஒரு பையனை மூடிய வடிகாலுக்குள் இறக்கப் பார்த்தார் மேஸ்திரி. கழிவுநீர் கலந்த கால்வாய். 2013-இலேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை இது என்று கத்தினேன். "மழைநீர் வடிகால்தானே அம்மா" என்கிறார். மூக்கு இல்லையா இவருக்கு? பையன் ஏறிவிட்டான். கூலி கிடைத்ததா என்று தெரியவில்லை.

நவம்பர் 2

கழிவுக் குழாயை எடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போகிறேன். குழாய் இருக்கும் வீடுகள் பதினொன்று. அதில் ஆள் இருக்கும் வீடு நான்கு. மற்றவை பூட்டுப் போட்டவை. சென்னை, கோயம்புத்தூர், மலேசியா. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் வந்து போவார்கள். வருஷத்தில் சில நாள் புழங்கும் கழிப்பறைக்காகத் தெருவே மூழ்க வேண்டுமா என்று வாட்ஸாப்பில் எழுதினேன். கும்பிடும் கை படம் நிறைய வந்தது. பணம் மூன்று புள்ளியிலிருந்து வந்தது.

எதிர்வீட்டு ஆச்சி தன் வீட்டுக் குழாயைத் தானே காட்டிக்கொடுத்தார்கள். "எனக்கு எழுபத்தெட்டு வயது, இனி யாருக்குப் பயந்து மறைப்பது?"

நவம்பர் 8

பொறியாளர் இந்த முறை கருவியோடு வந்தார். முக்காலி, தொலைநோக்கி, அளவுகோல் பிடிக்க ஆள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எதிர்வாட்டம்தான் என்றார். கொத்தனார் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கோயில் மூலையில் 60 அடி நீளத்துக்கு உடைத்து ஆழப்படுத்த ஒப்பந்ததாரரிடம் எழுதிக் கேட்பாராம், அவர் செலவில்.

மறிப்புச் சுவரை இடிப்பது பற்றி அப்பச்சியிடமே நேரில் பேச வந்தார். கட்டில் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். அப்பச்சி சொன்னது: குழாய் எல்லாம் எடுக்கும் வரை சுவர் நிற்கட்டும். எடுத்த பிறகும் முதல் மழையை ஊருணிக்கு விடக்கூடாது. தெருவைக் கழுவி வரும் தண்ணீர் அது. வாயில் பலகை மடை வைத்து, முதல் தண்ணீரைக் கண்மாய்க்குப் போகும் ஓடையில் தள்ளி, தெளிந்த பிறகு பலகையைத் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டல் தங்க ஒரு தொட்டி. பொறியாளர் குறித்துக்கொண்டார். பலகையைத் தூக்குவது யார் என்று கேட்டார். அப்பச்சி என்னைப் பார்த்தார்.

நவம்பர் 16

60 அடி உடைத்துவிட்டார்கள். தூசி.

நவம்பர் 17

அப்பச்சிக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி. காரைக்குடிக்குக் கூட்டிப்போனோம். ஈரச் சுவர் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள் என்கிறார் டாக்டர். எங்கள் வீட்டில் ஈரமில்லாத சுவர் மாடியில்தான்.

நவம்பர் 20

"கீழேதான் பிறந்தேன்." மாடிக்குப் போகாததற்கு இது ஒரு காரணமா? சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

டிசம்பர் 3

ஆரஞ்சு எச்சரிக்கை. 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யலாம். மோட்டாரைச் சோதித்தேன். மணல் மூட்டை எட்டு.

டிசம்பர் 4

ஒன்றும் பெய்யவில்லை. வெயில் அடிக்கிறது. வெயிலைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

டிசம்பர் 6

நேற்று இரவு பெய்தது, நல்ல மழை. ஆழப்படுத்திய இடம்வரை தண்ணீர் ஓடியது. மறிப்புச் சுவரில் போய் முட்டி நின்று, அங்கிருந்து டீக்கடைக்குள் புகுந்தது. முற்றத்தில் முதல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. நாங்கள் பிழைத்தோம், டீக்கடை பிழைக்கவில்லை. காலையில் பால் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்தெருவில் தண்ணீர் இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள்.

டிசம்பர் 9

ஒன்பது குழாய் எடுத்தாயிற்று. உறிஞ்சுகுழிக்குப் பாறை உடைக்கும் சத்தம் பகலெல்லாம். அப்பச்சி சத்தத்தைக் கேட்டு எந்த வீடு என்று சரியாகச் சொல்கிறார். காய்ச்சல் இல்லை.

டிசம்பர் 12

பத்தாவது வீடு இன்று ஒப்புக்கொண்டது. பாக்கி ஒன்று. மலேசியாவில் இருக்கும் புள்ளி. மூத்தவர் சொன்னால்தான் சாவி வரும். அவர் இன்றிரவு பேசுவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். சரி என்று சொல்லிவிட்டால் நாளையே குழாயை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை சுவரை இடிக்கலாம் என்கிறார் பொறியாளர். பலகை மடைக்குக் கொத்தனார் அளவெடுத்துப் போய்விட்டார். அகலம் இரண்டரை அடி.

வங்கக் கடலில் மறுபடியும் தாழ்வுப் பகுதியாம்.

மணி பத்தரை. மலேசியாவில் இப்போது ஒரு மணி. இனி நானே கூப்பிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா?